வெட்டுப் பூட்டும் மெர்சியின் கதவும்

1. ஜன்னல் வெட்டுதல்

குமுளியில் பூட்டு, சாவி வேலை தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் புதிதாகத் தொழில் பழக வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். சாவியில்லாமல் திறக்கப் பழக்குவதற்கு வெட்டுப் பூட்டு வேண்டும். பித்தளை சிலிண்டரை வைஸ் இடுக்கியில் பிடித்து, பக்கவாட்டில் அரத்தால் ராவி ஒரு ஜன்னல் எடுக்க வேண்டும். கொஞ்சம் அகலமாகப் போனாலும் உள்ளேயிருக்கிற பின் என்கிற குட்டிக் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் வெளியே தெறித்துவிடும். சரியாக வெட்டினால், பிக் என்கிற கொக்கி ஊசி ஒவ்வொரு பின்னாகத் தூக்குவதும், எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்ததும் சிலிண்டர் திரும்புவதும் கண்ணுக்குத் தெரியும்.

வெட்டி வெட்டி, மூடின பூட்டைத் தொட்டாலும் உள்ளே தெரிகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கதவில் கீறல் விழாமல் திறந்து கொடுப்பவன் என்று பேர்.

2. இரண்டு சாவிகள்

மகள் மெர்சிக்கு எட்டு வயதிலிருந்து வலிப்பு. அதனால் அவள் அறைக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை. பிளஸ் ஒன் போனதும் சண்டை பிடித்தாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுறீங்க. எனக்கு மட்டும் கதவு சும்மா ஆடிக்கிட்டுக் கிடக்கு. டிரஸ் மாத்தணும்னா கட்டிலை இழுத்துப் போட வேண்டியிருக்கு."

என் மனைவி ரோஸ்லின் வேண்டவே வேண்டாம் என்றாள். நான்தான் மாட்டினேன். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியேயிருந்து சாவி வேண்டும். இரண்டு சாவியையும் மெர்சியிடமே கொடுத்தேன்.

"ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்ப்பா."

"எனக்கு எதுக்குடி சாவி?" என்று சிரித்தேன்.

3. மூன்றாவது பின்

போன ஜூனில் ஒரு ஞாயிறு காலை. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மெர்சியின் அறையில் ஏதோ விழுந்தது. கூப்பிட்டோம். பதில் இல்லை. கால் தரையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, கதவை ஒடைங்க!" ரோஸ்லின் கத்தினாள். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் கடப்பாரையோடு ஓடி வந்தார்.

"பொறுங்கண்ணே. ஒடைக்க வேண்டாம். இதோ திறந்துர்றேன்."

இரண்டு சாவியும் உள்ளே அவளிடம்தான். பிக்கை எடுத்து முட்டி போட்டேன். கண்ணை மூடினதும் வெட்டுப் பூட்டில் பார்க்கிற மாதிரியே பின்கள் தெரிந்தன. ஒன்று உட்கார்ந்தது, இரண்டு உட்கார்ந்தது, மூன்றாவது வழுக்கியது. விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் வழுக்கியது. கடைசியில் மூன்றாவது பின் உட்கார்ந்தபோது, இன்னும் இரண்டு பின் மிச்சம் இருந்தும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கால் அடிக்கிற சத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"தள்ளுப்பா! பூட்டாவது மண்ணாவது!" அந்தோணி அண்ணன் தோளைப் பிடித்து என்னை இழுத்துப் போட்டார். நிலையோரம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். நாலே நெம்பு.

மெர்சி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், முகம் தலையணையில் அழுந்தக் கிடந்தாள். உதடு நீலம். கம்பத்து ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினோம். பிழைத்துக்கொண்டாள். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேசும்போது வார்த்தை தேடுகிறாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் முன்னால தூக்கியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

4. வகுப்பில்

இப்போதும் வெட்டுப் பூட்டு செய்கிறேன். ஆனால் முதல் வகுப்பில் அதை வெளியே எடுப்பதில்லை. "உள்ளே ஆள் இருந்து, கூப்பிட்டும் குரல் வரலைன்னா பிக்கைத் தொடாதீங்க. கதவை ஒடைங்க" என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் சின்னக்கானலிலிருந்து வருகிற ஒருவர், வாத்தியாரை மலையாளத்தில் மாஷ் என்கிறவர், கேட்டார்: "அப்புறம் பூட்டுக்காரன் எதுக்கு மாஷே? மரம் வெட்டுறவனைக் கூப்பிட்டாப் போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வகுப்பை அத்தோடு முடித்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். தொழில் தெரியாதவன் உடனே உடைத்துவிடுவான். தெரிந்தவனுக்குத்தான் இதைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

மெர்சியின் அறைக்கு இப்போது பூட்டு இல்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே நின்று கூப்பிடுகிறேன். அவளுக்கு வார்த்தை கூடி வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை கதவில் கை வைத்தபடி நிற்பேன்.

"இ... இருக்கேன்ப்பா. போங்க."