மரக்காணத்தில் சேர்த்த இரண்டு கருவிகள்

காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் புதுச்சேரி பேருந்தில் ஏறினேன். மடியில் ஒரு பெட்டி. உப்பளப் பாத்தியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கருவி ஒன்று. அது சொல்வதைக் கேட்டு மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி இன்னொன்று. இரண்டுக்குமான மென்பொருளை எங்கள் கம்பெனியின் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதி, தனித்தனியே சோதித்து, சபாஷும் போட்டுக்கொண்டாயிற்று. ஒன்றோடொன்று சேர்ப்பது மட்டும் பாக்கி. அதை அளத்திலேயே செய்துவிடு என்று என்னை அனுப்பினார்கள்.

நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மரக்காணத்தில் இறங்கி ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "மழை எறங்கிச்சுன்னா அளத்துல வேலை முடிஞ்சுதுங்க. அப்புறம் தை மாசம்தான்."

முருகையனும் அவர் மனைவி வள்ளியும் குத்தகைக்கு எடுத்த அளம் அது. இந்த வருடத்தின் கடைசி உப்பு பாத்திகளில் படிந்திருந்தது. மறுநாள் வாருவதற்கு ஆள் சொல்லியிருந்தார்கள். போர்வெல்லின் உவர்நீர் வந்து விழும் முதல் பாத்தியில் இரண்டு கருவிகளையும் பொருத்தினேன். பாத்தி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றது.

"பரவால்லீங்களே," என்றார் முருகையன். மோட்டார் ஓடும் நாளில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பது அவர்கள் வழக்கம். அன்று என் கருவியை நம்பி மூவரும் சாப்பிடப் போனோம்.

மூன்று மணிக்குத் திரும்பினால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உப்புநீர் தெறித்து மட்டக் கருவியின் இணைப்பு போய்விட்டது. செய்தி வராததை மோட்டார் கருவி, பாத்தியில் தண்ணீரே இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வரப்பு உடைந்து, கடைசிப் பாத்திவரை உவர்ப்பு குறைந்த தண்ணீர். படிந்த உப்பு கண்ணெதிரே கரைந்தது. முருகையன் மண்வெட்டியோடு இறங்கித் தண்ணீரை வெட்டிவிட்டார். அதோடு உப்பும்தான் போயிற்று.

ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கனெக்‌ஷன் போனா நாங்க எதுவும் அனுப்ப மாட்டோம், டிசைனே அதான்," என்றார் மட்டக் கருவிக் குழுத் தலைவர்.

"எதுவும் வரலைன்னா நாங்க ஜீரோன்னு எடுத்துப்போம். டெஸ்ட்ல பாஸ் ஆனதுதான்," என்றார் மோட்டார் குழுத் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டையும் ஒண்ணா வச்சு, ஒரு பக்கெட் தண்ணியில உங்க ஊர்லயே பாத்திருக்கக் கூடாதாங்க?"

கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலப் பேருந்து கல்பாக்கத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு குழுக்களும் உட்கார்ந்திருப்பது ஒரே மாடியில். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதைச் சுற்றிப் போய்ப் பேச ஒருவருக்கும் நேரமில்லை. அவர்களைச் சேர்த்துவைக்க மரக்காணம்வரை போய், ஒரு குடும்பத்தின் கடைசி உப்பைக் கரைத்துவிட்டு வருகிறேன்.