பத்துத் துண்டுகள் என்னுடையவை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டார், புத்தளம், ஹம்பாந்தோட்டை என்று வெல்டிங் செய்து அலைந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியபோது, வாவிக்கரையில் இருந்த ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் மாஸ்டர் வேலை கிடைத்தது. உயர்தரத்தில் தொழிற்பிரிவு எடுத்த பிள்ளைகளைப் பாடசாலைகள் அங்கே அனுப்பும். என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் நிலையத்துக்குக் காசு கொடுக்கும். எடுக்காத பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அந்த முறை பதினொரு பேர். அதில் ஒருத்திதான் பெண். தாய்க்கு நடக்க ஏலாது. ஏறாவூரில் கேட் செய்யும் முதலாளி ஒருவர், சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்.

வெல்டிங் கம்பி எப்போதாவதுதான் வரும். மற்ற நாட்களில் பிள்ளைகள் பட்டறையைக் கூட்டுவார்கள், நான் கதை சொல்லுவேன். பரீட்சகர் வரும் திகதி தெரிந்ததும் மனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பரீட்சைக்கு ஆளுக்கொரு இரும்புத் துண்டு ஒட்டி வைக்கணும் மாஸ்டர். இவங்கள நம்பினா சரிவராது. நீங்களே செய்யுங்க. மறுகா உங்கட அனுபவத்துக்கும் ஒரு சான்றிதழ் எடுத்துத் தாறன்.”

அந்தக் கடதாசி இல்லாமல் எத்தனையோ வாசல்களில் திரும்பியவன் நான். இரண்டு நாளில் பத்துத் துண்டுகளையும் ஒட்டினேன். அவள் மட்டும் வேண்டாம் என்றாள்.

“என்னகா, என்ட கையில நம்பிக்கை இல்லையா?”

“உங்கட கையில இருக்கு மாஸ்டர். ஏறாவூருக்கு என்ட கையத்தானே கொண்டு போகணும்.”

பையன்கள் சிரித்தார்கள். நான் எறிந்த கட்டைக் கம்பிகளைப் பொறுக்கித்தான் அவள் பழகினாள். கம்பி முடிந்த இடமெல்லாம் அவளுடைய ஒட்டில் சின்னச் சின்ன மேடு. சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தேன். வெடிக்கவில்லை. நல்ல ஒட்டு என்று அவளிடம் சொல்லவும் செய்தேன்.

பரீட்சகர் பதினொன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். பத்து ஒரே மாதிரி, மீன் செதில் போல.

“நல்லாப் படிப்பிச்சிருக்கீங்க மாஸ்டர். எல்லாருக்கும் ஒரே கைப்பழக்கம்.” பிறகு அவளுடைய துண்டைத் தூக்கினார். “இது மட்டும் வேற கை. வெளியில யாரிட்டயும் செய்விச்சதா?”

“நான்தான் சேர் செய்தன். மாஸ்டரக் கேளுங்க.”

மற்றப் பத்தும் யாருடையவை என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கூடப் படித்த பையன்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுடைய கைதான் என்று நான் சொன்னால், மற்றப் பத்தும் எப்படி ஒரே கையானது என்ற கேள்வி வரும். மனேஜர் என்னைப் பார்த்தார். ஒன்று போனால் பத்து மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு. என்னுடைய கணக்கும் அதுதான்.

“நான் கவனிக்கல்ல சேர்” என்றேன். பரீட்சகர் அவளுடைய பெயரை மட்டும் வெட்டினார்.

அவள் அழவில்லை. துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனாள். மனேஜர் பிறகு, “அடுத்த முறை அந்தப் புள்ள எடுக்கும்தானே” என்றார். அவள் திரும்பி வரவில்லை.

மூன்று மாதத்தில் என் சான்றிதழ் வந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வரவில்லை என்றெல்லாம் எழுதமாட்டேன், நன்றாகவே நித்திரை வந்தது. ஆனாலும் ஒரு நாள் பஸ் ஏறி அந்த ஏறாவூர் முதலாளியிடம் போனேன். அவளுடைய ஒட்டு உறுதியானது, நான் அடித்துப் பார்த்தவன் என்றேன். என் பேச்சை நம்பட்டும் என்று சான்றிதழையும் நீட்டினேன்.

அவர் நின்றபடியே வாசித்தார்.

“அப்ப அண்டைக்கு ஏன் தம்பி சொல்லல்ல?”

அவர் கடதாசியை மடித்துத் தந்தார்.

“அந்தப் புள்ள வந்து நடந்ததச் சொல்லிட்டுப் போனதுதான். கடதாசி இல்லாத ஆள எடுத்தா அரசாங்க வேல நமக்குத் தர மாட்டாங்க. உங்களுக்கிட்ட இரிக்கி. ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு கேட் போடக் கிடக்கு. நீங்க வாறீங்களா?”

அவளுக்காகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பயிற்சி நிலையத்தில் என் ஒப்பந்தம் முடிந்திருந்தது, கையில் வேறு வேலையும் இல்லை.

“நாளைக்கே வாறன் முதலாளி” என்றேன்.