பாண்டியின் பை கிளம்பிய புதன்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் ஆள் தெரிந்தது. தேன்மொழி, என் சிநேகிதன் பாண்டியின் மகள். பாண்டி இறந்தபோது கைக்குழந்தையாக இருந்தவள். இப்போது மதுரையில் ஹாஸ்டலில் தங்கி வேலை, சொந்தச் சம்பளத்தில் வண்டி. உள்ளே வந்ததும் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை உரசியபடி ஒரு நீலக்கோடு.

"தை பொறந்ததும் நாங்க நாலு பேரு போறோம் மாமா. திருச்செந்தூர், மணப்பாடு, உவரின்னு கடலை ஒட்டியே. அப்பா பை உங்ககிட்ட இருக்காம்ல, அதையும் வாங்கிட்டுப் போகச் சொன்னுச்சு அம்மா."

"இரும்மா, மொதல்ல டீயக் குடி" என்றேன். பை பரணில்தான் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினால் கைக்கு எட்டிவிடும். எனக்குத்தான் எழுந்திருக்க மனசு வரவில்லை. அவள் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் என்னென்ன நினைத்துக்கொண்டேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்.

அவள் வண்டிக்கு வாசனையே இல்லை. எங்கள் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அப்படியா? பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நீலப்புகை முன்னால் வந்து நிற்கும். பாண்டியின் சட்டையை எத்தனை முறை அலசினாலும் அந்த வாசனை போகாது என்று அவன் மனைவி முத்துலட்சுமி திட்டிக்கொண்டே இருப்பாள். "இந்த வண்டியத்தான நீ கட்டியிருக்கணும்" என்பாள். அவன் அதற்கும் சிரிப்பான்.

நாங்கள் இரண்டு பேரும் திருமங்கலத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தோம். அவனுக்குப் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அவன்தான். கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலே ஊரே போய்ப் பார்த்துவிட்டு வருகிற பூமி அது. அங்கே பிறந்தவனுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. ரயிலிலோ பஸ்ஸிலோ போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் அவனுக்குச் சம்மதமில்லை. நாள் முழுக்கக் கடல் கூடவே வர வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் என்றால் செத்தவர்களுக்குத் திதி. நானே சின்ன வயதில் தாத்தாவின் திதிக்குப் போய், மொட்டைத் தலையோடு அலைக்குப் பயந்து அழுதவன். அதனால் பாண்டி விஷயத்தைச் சொன்னதும் அவன் அம்மா குழம்பிப்போனார்.

"யாருக்குத் திதி?"

"யாருக்கும் இல்லம்மா. சும்மா பாக்கத்தான்."

"ஒருத்தரும் சாகாம கடலுக்குப் போவாகளாடா?"

திட்டம் போட்டதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான். மதுரைக்கு மீன் ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஒருவர் அங்கே நிறுத்துவார். ஐஸ் தண்ணீர் சொட்டும் அந்த லாரிக்குப் பக்கத்தில், மீன் வாடையில் நின்றுகொண்டு அவரிடம் வழி கேட்போம். "மணப்பாட்டுல மேட்டு மேல கோயில் இருக்கு தம்பி. ஏறி நின்னா ரெண்டு பக்கமும் தண்ணி" என்றார் ஒருநாள். பாண்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "ரெண்டு பக்கமுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அன்று சாயங்காலம் வரை கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை அவனுக்கு.

குளிர்காலத்தில்தான் போக வேண்டும் என்பது என் யோசனை. மற்ற மாதங்களில் எங்கள் ஊரில் வண்டி சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மழை ஓய்ந்து, பனி குறைந்து, தை பிறந்ததும் கிளம்புவதென்று முடிவாயிற்று. இமயமலைக்குப் போகிறவனைப் போல நான் மேலமாசி வீதியில் கம்பளிக் குல்லா வாங்கினேன். திருச்செந்தூரில் அதைப் போட்டிருந்தால் என்னைப் பிச்சைக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள்.

கடை முதலாளி வியாழக்கிழமையிலிருந்துதான் லீவு கொடுத்தார். வியாழன் தெற்கே சூலம். அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் தொடங்கமாட்டார்கள். போகக் கூடாதென்று பாண்டியின் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். பிறகு வழியையும் அவரே சொன்னார். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரம் பார்த்து முதல்நாளே பையை மட்டும் கிளப்பி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. கிளம்பிய பை மட்டும் வீடு திரும்பக் கூடாது.

புதன்கிழமை காலையில், மதுரைக்குச் சரக்கு எடுக்க வந்த பாண்டி, போகிற வழியில் எங்கள் வீட்டில் பையைக் கொண்டுவந்து வைத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போகிற திசையில் இருக்கும் வீட்டில் அல்லவா வைக்க வேண்டும்? திருமங்கலத்துக்கு வடக்கே இருக்கிறது திருநகர்.

"தெக்க போற பையை வடக்க கொண்டாந்து வச்சிருக்கியே மாப்ள."

"பை கெளம்பிருச்சுல்ல, அம்புட்டுத்தான்" என்றான். போகும்போது பையின் மேல் ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியற்காலையில் குல்லாவும் கையுமாக வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. பாண்டிக்குக் காய்ச்சல். சனிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது கண்ணைத் திறந்து பார்த்தான். "ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்குவோம் மாப்ள. பையத் திருப்பி அனுப்பிறாத" என்றான். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். விஷக்காய்ச்சல் என்றார்கள்.

புதன்கிழமை வடக்கே சூலம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தெற்குச் சூலத்துக்குத் தப்பிக்கப் போய், பையை நேராக வடக்குச் சூலத்துக்குள் அனுப்பிவிட்டோம் என்று அவன் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் புதன்கிழமைகளில் இன்றைக்கும் நான் எந்தப் பயணமும் தொடங்குவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் பையைக் கொடுக்கப் போனபோது முத்துலட்சுமி வாங்கவில்லை. வாசலிலேயே வழிமறித்து நின்றாள். "உள்ள கொண்டாராதீகண்ணே. அவரு அத்தன ஆசையா கெளப்புன பை. அது வீட்டுக்குத் திரும்பி வர வேணாம்" என்றாள். வந்த வழியே திரும்பினேன்.

அப்படிப் பரணில் ஏறியதுதான் அந்தப் பை. உள்ளே அவன் வைத்திருந்த ஆயில் பாட்டில் எங்கோ கசிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மார்கழியில் ஜன்னல்களைச் சாத்திய பிறகு, அந்த வாசனை மெதுவாக அறைக்குள் இறங்கும். என் மனைவி சாம்பிராணி போடுவாள். பனி விழும் காலையில் தெருவில் யாராவது வண்டியை உதைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் பால்காரராக இருக்கும்.

ஒரு முறை குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம், திருநெல்வேலி வழியாக பஸ்ஸில். கருப்பட்டிக் கடை முன்னால் ஒரு முதுகு. அதே சட்டைக் கசங்கல், அதே இடது தோள் சரிவு. பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தேன். அந்த ஆள் கடைசியில் திரும்பி, "யாரண்ணே தேடுறீய?" என்று கேட்டார். அன்றைக்குக் கடலில் காலை நனைக்காமலே வந்துவிட்டேன்.

தேன்மொழி டீ டம்ளரைக் கழுவியே வைத்துவிட்டாள். இனி சாக்கு இல்லை. நாற்காலி போட்டு ஏறிப் பையை இறக்கினேன். தூசியைத் துடைத்தேன். தேவைக்கு மேலேயே துடைத்தேன்.

"எந்தக் கிழமை கெளம்புறீங்க?"

"வியாழக்கிழமை மாமா."

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் சிரித்தாள். "அம்மா எல்லாம் சொல்லிருச்சு. அப்பா பை என்னைக்கோ நல்ல நேரத்துல கெளம்பினது, அது கூட வருதுல்ல, நீ எந்தக் கிழமை வேணும்னாலும் போன்னு சொல்லிருச்சு."

பின்சீட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினாள். இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, கைய எடுங்க."

அப்போதுதான் தெரிந்தது, நான் பையின் பிடியை விடாமல் நின்றிருந்தேன்.

அந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மீன் லாரிக்காரர் என்ன ஆனாரோ தெரியாது. நாங்கள் வேலை பார்த்த கடையை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, போகிறவை போகத்தான் செய்யும். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். ஒவ்வொரு மார்கழியிலும் நாள்காட்டியைப் பார்த்துத் தையில் ஒரு நல்ல நாளை மனசுக்குள் குறித்து வைப்பேன். பிறகு அதைத் தள்ளிப் போடுவேன். பை என் வீட்டில் இருந்தவரை எங்கள் பயணம் தள்ளிப் போயிருந்தது, பாண்டி வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமைதான் அவன் எனக்குச் செத்துப்போனான்.

தேன்மொழியை அனுப்பிவிட்டு வாசலிலிருந்து உள்ளே வந்தபோது மனைவி பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடம் காலியாயிருச்சுல்ல, பழைய மிக்சியத் தூக்கி வச்சிரவா?"

வைத்துக்கொள் என்றேன்.