கமலா பஸ்ஸின் வலப்பக்கக் கதவு

தஞ்சாவூரிலிருந்து இரவு ரயிலில் ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறி, மாம்பலத்தில் நான் இறங்கியபோது காலை ஏழரை மணி. கையில் ஒரு பை. மார்போடு அணைத்தபடி இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டிய ஒரு காகிதம். பைக்கு ஏதாவது ஆனால் மாற்றுப் புடவை போகும், அவ்வளவுதான். அந்தக் காகிதத்துக்கு ஏதாவது ஆனால் நான் ஊர் திரும்ப மாட்டேன் என்று என் கணவர் ஏற்கெனவே என் தம்பியிடம் சொல்லிச் சிரித்துவிட்டார்.

அது ஒரு காமிக்ஸ் பக்கம். அச்சில் வந்தது அல்ல; ஓவியர் மையில் வரைந்து அச்சகத்துக்குக் கொடுத்த அசல் பக்கம். ஊரில் எனக்கு ஒரு மருந்துக்கடை. கையில் வரும் பணத்தில் சிலர் நகை சேர்ப்பார்கள், நான் இதைச் சேர்க்கிறேன். வீட்டில் இப்படி முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் இந்த ஒன்றை மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் மூன்று வருடங்களுக்கு முன் நானூறு ரூபாய்க்கு வாங்கிய அன்று, கடை வாசலிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்டக்டர் கமலா என்று ஒரு சித்திரக்கதை. சிறுவர் பத்திரிகை ஒன்றில் வாராவாரம் வந்தது. பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே திருடர்களைப் பிடிப்பாள் கமலா. என் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் பேருந்து நம்மை நோக்கி வருகிறது. கமலா படியில் தொங்கியபடி விசில் ஊதுகிறாள். ஒரே ஒரு கோளாறு. கதவு டிரைவர் பக்கம் இருக்கிறது. அந்தப் படியில் இறங்கினால் நடுச்சாலையில்தான் இறங்க வேண்டும். சின்ன வயதில் நானும் தம்பியும் வீட்டு பெஞ்சைப் பஸ்ஸாக்கி விளையாடுவோம். எங்கள் பஸ்ஸிலும் எல்லோரும் வலப்பக்கமே இறங்க வேண்டும். இடப்பக்கம் இறங்குகிறவருக்கு அபராதம் உண்டு.

கமலாவை வரைந்த பிலோமினா டீச்சர் சாந்தோமில் இருக்கிறார் என்று போன வருடம்தான் தெரிந்தது. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய கமலா இன்று எப்படி இருப்பாள் என்று ஒரு புதிய பக்கம் வரைந்து தரும்படி தொலைபேசியில் கேட்டேன். ஆறாயிரம் ரூபாய், பாதி முன்பணம். அந்தப் பக்கத்தை வாங்கவும், பழைய பக்கத்தில் அவர் கையெழுத்தைப் பெறவும்தான் இந்தப் பயணம்.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். சாந்தோமுக்கு ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய் என்று பேசி முடிந்தது.

“இன்னாம்மா அது, கண்ணாடியா? பாத்து புட்ச்சிக்கோ, ரோடு பள்ளமா கீது” என்றார் ஓட்டுநர்.

“படங்க.”

“சாமி படமா?”

“கண்டக்டர் படம்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அதன்பிறகு சாந்தோம் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்தார்.

குளித்துச் சாப்பிட சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு விடுதி எடுத்திருந்தேன். பதினொரு மணிக்கு டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். மாதா கோயிலைத் தாண்டி ஒரு சந்து, இரண்டாம் மாடி. நொச்சிக்குப்பத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் மீன் வாசனை தூக்கலாக இருந்தது. கதவைத் திறந்தவர் எழுபது வயதுக்காரர், நைட்டிக்கு மேல் துண்டு, விரல் நகத்தில் கருப்பு மை.

“தஞ்சாவூரா? வாங்க வாங்க. பொண்ணு ஒருத்தி இதையெல்லாம் சேக்கறான்னா நம்ப முடியல. ஆம்பளைங்கதான் வருவாங்க, வந்து வெல கேட்டுட்டுப் போவாங்க.”

புதிய பக்கத்தைக் காட்டினார். நான்கு கட்டங்கள். மூன்று முடிந்திருந்தன: நரைத்த கமலா, மூக்குக்கண்ணாடி, பென்ஷன் ஆபீஸில் திருடனைப் பிடிக்கிறாள். நான்காவது கட்டம் வெறும் பென்சில் கோடாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மை போட்டுவிடுவதாகச் சொன்னார்.

என் அட்டையைப் பிரித்துப் பழைய பக்கத்தை மேசையில் வைத்தேன். டீச்சர் குனிந்து பார்த்தார். மகிழ்ச்சியாவார் என்று நினைத்தேன். முகம் சுண்டிவிட்டது.

“இதுவா? இது எப்படி தப்பிச்சுது?” என்றார். பிறகு, “சரி, வச்சிட்டுப் போங்க. கையெழுத்து போட நல்ல பேனா தேடணும். நாலு மணிக்கு வாங்க.”

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அதற்குள் பழைய பக்கத்துக்குப் படச்சட்டம் சொல்லிவிடலாம் என்று தியாகராய நகருக்குப் பேருந்தில் போனேன். சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் சட்டக்கடை வைத்திருக்கும் பாயிடம் அளவைச் சொல்லி, கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். தேக்குச் சட்டம், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மேடம், பஸ்ஸுக்கு ராங் சைடுல கதவு கீதே?”

“அதுக்காகத்தான் பாய் சட்டமே போடறேன்.”

“அப்ப ஓரத்துல அட்டைய கம்மியா விடறேன். கதவு மறையக் கூடாது” என்றார். உலகத்தில் இப்படி நாலு பேர் இருந்தால் போதும் என்று தோன்றியது.

நான்கு மணிக்குச் சாந்தோம் திரும்பினேன். டீச்சர் முகம் மலர்ந்திருந்தது. மேசையைக் காட்டினார்.

கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் இரண்டு ஜன்னல்கள் வரைந்திருந்தார். படியில் தொங்கிய கமலா இப்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தாள். கச்சிதமான வேலை.

“என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க!”

“என்ன பண்ணிட்டேன்? சரி பண்ணியிருக்கேன். எத்தனை வருஷமா என்னைக் குத்திட்டு இருந்த முள்ளும்மா இது. எங்க அண்ணன் எடுத்த பஸ் போட்டோவை டிரேசிங் தாள்ல எடுத்தேன். அவசரத்துல தாளைக் கவுத்துப் போட்டுத் தேச்சுட்டேன். படம் இடம் வலமா மாறிப்போச்சு. போர்டு எழுத்தைத் திருப்பினேன், டிரைவரை மாத்தி உக்கார வச்சேன், கதவைக் கோட்டை விட்டுட்டேன். கிளாசுக்குள்ள போனா பசங்க கேக்கும், ‘மிஸ், கமலா பஸ்ல எறங்குனா லாரி ஏறிடுமா மிஸ்?’ ஸ்டாஃப் ரூம்லயும் அதே பேச்சு. ரிட்டயர் ஆகற அன்னிக்குக்கூட மேடையில சொல்லிச் சிரிச்சாங்க.”

“எனக்கு அந்தக் கதவுதான் வேணும் டீச்சர்.”

“தப்புக் கதவா?”

“நாங்க அதுலதான் ஏறி எறங்கினோம்.” பெஞ்சு பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அபராதத்தைப் பற்றியும் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிற மருந்துக்கடைக்காரி ஒரு பஸ் கதவுக்காக அடுத்தவர் வீட்டில் அழுவது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார்.

“இது போஸ்டர் வெள்ளை. தண்ணி பட்டா கரைஞ்சிடும், மேல வரைஞ்சதும் அதோட போயிடும். அடியில இருக்கறது இந்தியன் இங்க், அது அசையாது. துடைச்சா உங்க கதவு வந்துடும். ஆனா ஒண்ணு. ஜன்னல் இருந்தா கையெழுத்துப் போடறேன். அந்தக் கதவுக்குக் கீழ என் பேரை எழுத மாட்டேன்.”

கையெழுத்துக்காக முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்தவள் நான். பஞ்சை எடுத்தேன். பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தேன். முதலில் கமலாவின் தலை கரைந்தது, பிறகு ஜன்னல்கள். பாலாடை விலகுவதுபோல வெள்ளை விலகி, அடியிலிருந்து படி வந்தது, கம்பி வந்தது, கம்பியைப் பிடித்த கை வந்தது. டீச்சர் அதைப் பார்க்காமல் ஜன்னலோரம் கடலுக்கு முகம் திருப்பி நின்றிருந்தார்.

“ஆச்சா?” என்றார் திரும்பாமலே.

“ஆச்சு டீச்சர்.”

“அடுப்புல காப்பி இருக்கு. ஊத்திக் குடிங்க. எனக்குக் கடைசிக் கட்டம் பாக்கி இருக்கு.”

சமையலறையில் நின்று காப்பி குடித்தேன். உள்ளறையில் அழிரப்பர் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு பேனாவின் கீறல். மனவருத்தத்தோடு ஒருவர் வரைகிற படம் எப்படி வருமோ என்று கவலையாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் புதிய பக்கத்தை பட்டர் பேப்பரில் சுற்றி, பழைய பக்கத்தோடு சேர்த்து அட்டைக்குள் வைத்துக் கட்டி, கையில் கொடுத்தார். மீதிப் பணத்தை எண்ணாமல் மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

“இங்க பிரிக்க வேணாம். மறுபடி சண்டை வரும்” என்று மட்டும் சொன்னார். வாசல் வரை வந்தார், சிரிக்கவில்லை.

பாய் கடைக்குப் போக, ஆறு மணிக்குத் தியாகராய நகர் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. லஸ் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கயிற்றை அவிழ்த்தேன்.

நான்காவது கட்டத்தின் பென்சில் கோடுகள் போயே போய்விட்டன. புதிதாக வரைந்திருந்தார். நரைத்த கமலா நடுச்சாலையில் நிற்கிறாள், வாயில் விசில், உயர்த்திய கை. அவளுக்கு முன்னால் ஒரு லாரி, ஆட்டோக்கள், பைக்குகள், தண்ணீர் வண்டி எல்லாம் கப்சிப்பென்று நிற்கின்றன. பின்னால் அந்தப் பேருந்து. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறுமியும் அவள் தம்பியும் அவசரமே இல்லாமல் இறங்கி வருகிறார்கள்.

கையெழுத்தைத் தேடினேன். பக்கத்தின் மூலையில் இல்லை. அந்தக் கதவின் படியில், பிள்ளைகளின் காலுக்கடியில், சின்ன எழுத்தில் ‘பிலோமினா’ என்று இருந்தது.

“பனகல் பார்க்கு! பனகல் பார்க்குலாம் எறங்கு!” என்று குரல் கேட்டது. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன்.

“யம்மா, டிரைவர் சைடாண்ட எங்க போற? அங்க இன்னா கதவா கீது? இப்டி எறங்கு” என்றார் கண்டக்டர்.