ஒரு மயிரிழை சிவப்பு

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஜொகூரில், உலு திராம் போகும் சாலையில் இருந்த தொழிற்சாலையில் நாங்கள் செய்த கலர் டிவிகளின் வரலாற்றைச் சுவர் முழுக்க எழுதி, காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்போகிறார்களாம். எழுதியதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். ஓய்வு பெறும்வரை அங்கே செய்முறை ஆவணப் பிரிவில் இருந்தவன் நான். எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலிருந்து கழிவறைக்குப் போக யாரிடம் கேட்பது என்பதுவரை எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அவற்றில் பாதிக்குமேல் நான் எழுதியவை. ஓய்வு பெற்றவனைச் சும்மா கூப்பிட்டு வேலை வாங்கவும் இப்போது ஒரு விதி எழுதியிருப்பார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்களப் பத்தி போட்டிருக்காங்களா?”

எங்கள் என்றால் கலர் வரிசைப் பெண்கள். திருமணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடங்கள் அவள் அங்கே வேலை செய்தாள். ரெங்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, கம்பெனி விடுதியில் தங்கியிருந்தபோதுதான் எனக்குப் பழக்கம். மரப்பெட்டி வைத்த பெரிய டிவி, எல்லா வேலையும் முடிந்து, கறுப்புத் திரை கட்டிய இடத்துக்கு வரும். பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். எதிரே கண்ணாடி. அதில் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கத்துத் திருகாணிகளைத் திருப்பி நிறத்தைச் சரி செய்வாள்.

சரியான நிறம் எது என்பதை வெளிநாட்டுத் தலைமையகம் முடிவு செய்திருந்தது. அவர்கள் கேட்ட வெள்ளையில் நீலம் கொஞ்சம் ஓடும். அதுதான் பளிச்சென்று இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த அளவில் வைத்த டிவி ஒன்று எங்கள் கேண்டீனில் ஓடியது. சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ் நிகழ்ச்சியை அதில் பார்த்தால் நடிகர், நடிகை, செய்தி வாசிப்பவர் எல்லோருக்கும் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

“என்னாடி இது, எல்லாரும் பொணம் மாதிரி இருக்காங்க!” என்று சத்தம் போட்டவள் என் மனைவிதான். அப்போது மனைவி ஆகவில்லை.

அன்றிலிருந்து, உள்நாட்டுக் கடைகளுக்குப் போகும் டிவிகளில் மட்டும் சிவப்புத் திருகாணியை ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பினார்கள். அளவுக்கருவி அனுமதிக்கும் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். எல்லையை ஒட்டி நிறுத்துவார்கள். அந்த வரிசையில் இருந்த மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் அப்படியே செய்தார்கள். அவர்கள் வீட்டு முகங்களும் சாம்பலாகத்தானே தெரிந்தன? சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவரை, இந்த டிவியில் மனுசன் மனுசனாகத் தெரிகிறான் என்று கடைகளில் கேட்டு வாங்கினார்கள்.

பிறகு தலைமையகத்திலிருந்து சோதனை அதிகாரி ஒருவர் வந்தார். உள்நாட்டு டிவிகள் மட்டும் ஏன் ஒரே பக்கமாகச் சாய்கின்றன என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் அந்த வரிசை மொத்தத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம், அடுத்த மாதம் வேறு ஆட்கள். ஆகவே முகம் மாறாமல் சொன்னேன்: “இது வெப்ப நாடு. படக்குழாய் சூடேறினால் நிறம் நீலத்துக்கு ஓடுகிறது. அதற்கு ஈடாகத்தான் சிவப்பு.”

அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. அவர் பெரிய விஷயம் கிடைத்ததுபோல் தலையாட்டி எழுதிக்கொண்டார். அடுத்து வந்த மாடலின் நெற்றியில் ‘வெப்பமண்டல வண்ணம்’ என்று ஒரு தங்கநிற முத்திரை ஒட்டி வந்தது. விலையும் ஏறியது. பெண்கள் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது சுவருக்கு எழுதியதைப் படித்தேன். தலைமையகத்துப் பொறியாளர்கள் நம் தட்பவெப்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வெப்பமண்டல வண்ணத்தை உருவாக்கினார்களாம். அந்த டிவி வரிசையின் வெற்றிக்கு அதுவே காரணமாம். கலர் வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“பெருசா எதுவும் வேணாம். நெறத்த அங்க ஒக்காந்திருந்த பொண்ணுங்கதான் வச்சாங்கன்னு ஒரு வரி. அவ்ளோதான்” என்றாள் மனைவி. அவள் எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் அல்ல. இதை அந்த வாரத்தில் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

காட்சிக்கூடப் பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி என்னை மரியாதையாகவே நடத்தினான்.

“ஸ்டோரி பாகுஸ் லா அங்கிள், ரொம்ப நல்லாருக்கு. ஆனா ப்ரூஃப் இருக்கா?”

“இருந்திருந்தா அன்னைக்கே அவங்க வேலை போயிருக்கும் தம்பி.”

“அதான் பிரச்சன. ஹெட்குவார்ட்டர்ஸ் ரிப்போர்ட்ல ஹீட்டுன்னு க்ளியரா இருக்கு அங்கிள்.”

“அது நான் சொன்ன பொய்.”

“அப்ப நீங்க கம்பெனி ஆபிசர். இப்ப...” மரியாதையான சொல் ஒன்றைத் தேடினான். “இப்ப ரிட்டையர் ஆயிட்டீங்க.”

ஆக, என் பொய்க்குப் பதவி இருந்தது. என் உண்மைக்கு இல்லை. இருந்தாலும் எனக்கு விதி தெரியும். ஆவணம் இல்லாத இடத்தில், சம்பந்தப்பட்ட வேலையைச் செய்த இருவர் கையெழுத்திட்டுச் சொன்னால் ஏற்கலாம். அதை எடுத்துக் காட்டினேன். அவன் படித்துவிட்டு, சரி அங்கிள், கொண்டு வாங்க என்றான்.

மனைவி ஒரு கையெழுத்து. இன்னொன்றுக்கு, பக்கத்து இருக்கையில் இருந்த தோழியை அழைத்தாள். அவள் இப்போது மகன் வீட்டில், உலு திராமிலேயே இருக்கிறாள். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஏய், செவப்பு ஞாபகம் இருக்கா?”

“ஐயோ, அத மறக்க முடியுமாக்கா! சூப்பர்வைசர் வந்தா நீங்க இருமுவீங்களே!” ரொம்ப நேரம் சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“கையெழுத்தெல்லாம் வேணாங்க்கா. எம்மவன் இப்ப அந்தக் கம்பெனியிலதான இருக்கான். இவங்கம்மா ரூல மீறுனவங்கன்னு நாளைக்கு யாராச்சும் சொன்னா? எதுக்கு லா?”

“சரிம்மா. சாப்டியா?” என்று கேட்டுவிட்டு மனைவி போனை வைத்தாள். தோழியைக் குறை சொல்லவில்லை. ஒரு கையெழுத்து மட்டும் விதிக்குப் போதாது.

திறப்பு விழாவுக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் எனக்கு ‘முன்னாள் அதிகாரி’ என்று அட்டை கொடுத்தார்கள். அவளுக்கு ‘விருந்தினர்’. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரை மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் வேண்டாம் என்று அடித்துக் கொடுத்த வரிகள் அப்படியே இருந்தன. புதிதாக ஒரு புகைப்படம் சேர்த்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். கீழே, ‘நுணுக்கமான பணிக்கேற்ற மென்மையான கரங்கள்’.

“மென்மையாம். அந்த ஸ்குரூட்ரைவரப் புடிச்சி வெரலு காச்சிப் போச்சி” என்றாள்.

அப்போது முன்னாள் ஊழியர்களைச் சுவருக்கு முன்னால் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவளையும் அழைத்துக்கொண்டு நடந்தேன். இளம் அதிகாரி சங்கடத்தோடு குறுக்கே வந்தான்.

“சாரி ஆன்ட்டி, இந்த ரவுண்ட் ஆபிசர்ஸ் மட்டும். ஆப்பரேட்டர்ஸ் அடுத்த தடவ கூப்பிடுவோம்.”

“அப்ப நானும் நிக்கல” என்றேன்.

மனைவி என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். “போயி நில்லுங்க. பொய் சொன்னவரு நீங்கதான? சரித்திரம் உங்களோடது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கறுப்புத் திரைக்கு உள்ளே ஒருநாளும் எட்டிப் பார்த்திராத இரண்டு மேலாளர்களுக்கு நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். போய் நின்றேன். அவள் என் கைப்பையைப் பிடித்தபடி, படத்தில் விழாதபடி ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.