துரையின் ஐந்து பட்டன்கள்

தெருமுனையில் பேருந்து ஹாரன் அடித்தது துரைசாணியின் காதில் விழுந்தது. தோளில் பை, காலில் செருப்பு என்று அவள் வாசலில் தயாராக நின்றிருந்தாள். உள்ளே, படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, துரை இன்னும் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"வரீங்களா, இல்ல நான் போகட்டுமா?"

"மூணு முடிஞ்சுது. இன்னும் ரெண்டுதான்."

அவர் சொன்னது பட்டன் கணக்கு. ஊர் உலகத்தில் ஆண்கள் எல்லாரும் ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இவருடைய பேண்ட்டில் மட்டும் ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஐந்து பட்டன். பெல்ட்டும் கிடையாது. அதற்குப் பதிலாகத் தோளில் இரண்டு வார். முதுகில் ஒன்றாகச் சேர்ந்து, முன்பக்கம் இரண்டாக இறங்கி, இடுப்புப் பட்டியில் தைத்திருக்கும் பட்டன்களில் மாட்டிக்கொள்ளும். அவர் அதை பிரேசஸ் என்பார். அவள் அதற்கு வைத்த பெயர் சேணம்.

இந்த உடுப்பைப் பார்த்துத்தான் தெருவில் அவருக்குத் துரை என்று பெயர் வந்தது. அவர் பிறந்தது என்னவோ சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர் வீட்டில். அவர் துரை என்றால் சம்சாரம் துரைசாணி என்று அவளையும் சேர்த்துவிட்டார்கள். தபால் அலுவலகக் கவுண்டரில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு, பிதுங்கி வழியும் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிற துரைசாணி.

கல்யாணமான புதிதில் இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான மனிதர், வளையாத முதுகு, கத்தி மாதிரி மடிப்பு. "பெல்ட் ஆளை ரெண்டா வெட்டும். பேண்ட் தோள்லேர்ந்து தொங்கணும், அப்பதான் மடிப்பு நேரா விழும்" என்று அவர் விளக்கியபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஜிப் ஏன் கூடாது என்றதற்கு, "ஜிப்பு பைக்கு வைக்கிறது. நான் என்ன பையா?" என்றார். அன்றைக்குச் சிரித்தாள். அதே பதிலை வருஷக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துப்போனது.

தையல்காரருக்கும் புளித்துத்தான் போயிருந்தது. "ஜிப்னா மறுநாளே தருவேன்மா. இவருக்கு ஒண்ணு தைக்கிற நேரத்துல நாலு பேருக்குத் தைச்சுடலாம்" என்று ஒவ்வொரு தடவையும் அவளிடம்தான் புலம்புவார், ஏதோ அவள்தான் கேட்டுத் தைத்துப் போடுவது போல. ஒருமுறை அவள் அண்ணன் வீட்டு விருந்தில், கை கழுவக் குனிந்த துரைக்கு முதுகுப்பக்கத்து வார்ப் பட்டன் தெறித்துவிட்டது. யாரிடமாவது பெல்ட் வாங்கி மாட்டலாம் என்றால் பேண்ட்டில் பெல்ட் நுழைக்க வளையமே கிடையாது. அது அழகைக் கெடுக்குமாம். விருந்து முடிகிற வரை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டே நின்றார். அண்ணி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலியா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கரிசனமாக விசாரித்தாள். மானம் கப்பலேறியது.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்பக்க அறையில், மேசை விளக்கின் கீழே உட்கார்ந்து, சட்டத்தில் வில்லையைப் பொருத்தி, எறும்புத் தலை அளவு திருகாணிகளை முடுக்குவார். அந்த மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். கடையும் அவள் அலுவலகமும் ஒரே வழி, ஒரே பேருந்து. அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம்தான். போனால் அவர் மத்தியானம் வரை பட்டன் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவளுக்குப் பயம்.

முன்பெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டே பட்டன் போடுகிற ஆள், கொஞ்ச காலமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். வயது ஏற ஏற அலங்காரமும் ஏறுகிறது என்று அவள் பல்லைக் கடித்தாள். கடைக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் வேறு அப்படியே திரும்பி வந்தது. அதற்கும் ஒரு பாட்டு விட்டாள்.

அன்றைக்கும் பேருந்து போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, போஸ்ட்மாஸ்டர் அவளிடம், "நாளைக்காவது நேரத்துக்கு வர உத்தேசம் உண்டா?" என்று கேட்டார். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரையை வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தும்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு உடுப்பில் இருந்தார். துவைக்கப் போடுகிறேன் என்று அவருடைய பேண்ட் அத்தனையையும் வாரிக்கொண்டு தையல்காரரிடம் போனாள். எல்லாவற்றிலும் ஜிப் வைக்க வேண்டும் என்று சொன்னதும் அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சாயந்திரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் சண்டைக்குத் தயாராக நின்றாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், சட்டையைப் போட்டுக்கொண்டு, பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கோவிச்சுக்கிட்டு உக்காராதீங்க. இழுத்தா ஏறுது, அவ்வளவுதான். பஸ் வந்துடும்."

"இன்னிக்கு நான் கடைக்குப் போகல."

"ஒரு ஜிப்புக்காகவா?"

"ஜிப்ப யாரு வேணா இழுக்கலாம்." வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணுவில் வீங்கி, பாதி மடங்கிய நிலையில் நின்றன. "காலையில ரெண்டும் மரத்துப்போகுது. ஒருநாள் சொன்னபடி கேக்கும், ஒருநாள் கேக்காது. அஞ்சு பட்டனும் போட முடிஞ்சா அன்னிக்குத் திருகாணியும் போட முடியும். முடியலன்னா, நுணுக்கமான வேலையைப் பக்கத்து மேசைப் பொண்ணுகிட்ட தள்ளிட்டு, சட்டம் துடைச்சுக்கிட்டு இருப்பேன். எந்த நாள் எப்படின்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?"

"முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அந்த மேசையை விட்டா நான் எங்க போறது?"

"அந்தத் தண்ணி பாட்டில்?"

"குடிச்சா பாத்ரூம் போகணும். போனா திரும்பப் பட்டன் போடணும்."

அவள் பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, தினம் ஒரே பேருந்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை சொல்ல இந்த மனிதருக்கு வாய் வரவில்லையா? தன் கண்ணிலும் அந்த விரல் படவில்லையே என்கிற ஆத்திரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

"முடியலன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னா உங்க மடிப்பு கலைஞ்சிடுமா?" என்றாள்.

அன்றைக்கு அவளும் லீவு போட்டுவிட்டு, எல்லா பேண்ட்டையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனபோது தையல்காரர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜிப்பைப் பிரித்து, பட்டன் பட்டியைப் பழையபடி தைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் பிளேடும் ஊசியுமாக உட்கார்ந்தாள். பட்டன் நுழைகிற ஒவ்வொரு காஜாவையும் துளி நீளத்துக்குக் கீறி, ஓரத்தை அதே நிற நூலால் சுற்றித் தைத்தாள். பரீட்சையை அவர் எழுதட்டும், பாஸ் போடுவது என் கையில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் துரை சீட்டியடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அஞ்சும் அடுத்தடுத்துப் போச்சு. வெரல் பழையபடி ஆயிடுச்சு போல." பேருந்து வருவதற்கு வெகுநேரம் முன்பே நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று தண்ணீர் குடித்தார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருடிவிட்டு நிற்பது போலவும் இருந்தது.

சாயந்திரம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு அம்மாவோட கண்ணாடியை உடைச்சுட்டேன்."

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வெரலை நம்பி, ரொம்ப மெல்லிசான சட்டம், பொண்ணுகிட்ட குடுக்காம நானே எடுத்தேன். திருப்புளி வழுக்கி வில்லை உடைஞ்சு போச்சு. அவங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். சுவத்தைத் தடவிக்கிட்டே வெளிய போனாங்க." செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். "பட்டன் போச்சு, திருகாணி ஏன் போகலன்னு யோசிச்சேன். கடை பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, காஜாவைப் பாத்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தக் காட்சியை நினைத்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"நூல்கூட ஒத்துப்போச்சு. நல்ல தையல். ஆனா உன் தையல் எனக்குத் தெரியாதா?"

கத்தமாட்டாரா, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கமாட்டாரா என்று இருந்தது அவளுக்கு. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பஸ் போச்சுன்னு திட்டு. உடுப்பைத் திட்டு. எல்லாம் சரி. என் வெரல் நல்லா இருக்குன்னு மட்டும் என்கிட்ட பொய் சொல்லாதே."

"தப்புதான்" என்றாள். அவள் வாயிலிருந்து லேசில் வராத வார்த்தை அது.

முதலாளியிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு அனுப்பவில்லை. நாளையிலிருந்து முன்பக்கக் கவுண்டரில் நின்று சட்டம் விற்க வேண்டும். விற்பதைப் பார்த்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம் என்றாராம். "என் திருப்புளியை நானே அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டேன்" என்றார், தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே. அவள் அந்த விரல்களைப் பிடித்து மெதுவாக நீவிவிட்டாள்.

மறுநாள் காலை படுக்கையறைக் கதவு தாழ்போடப்படவில்லை.

"பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே" என்றாள் அவள், பக்குவமாக. "இனிமேலாவது ஜிப் வெச்சுக்கலாமில்ல?"

சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டது போல அவளைப் பார்த்தார். "முன்பக்கம் நிக்கப் போறேன். நாலு பேர் பாக்கிற இடம். அங்க போய் ஜிப்பா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். விரல் விஷயம் எவ்வளவு நிஜமோ, இந்த மனிதரின் பவிசும் அவ்வளவு நிஜம்.

"காஜாவையும் பழைய அளவுக்குச் சின்னதாக்கிடு. தொளதொளன்னு இருக்கு." சொல்லிவிட்டு அவள் முன்னால் வந்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "இன்னிக்கு இந்தப் பெரிய காஜாவுலகூடப் பட்டன் போட முடியல. நீ போட்டு விடு."

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"பெரிய ராஜ பரம்பரை, உடுத்தி விடறதுக்கு ஆள் வேணும்" என்று ஆரம்பித்து, பட்டனுக்கு ஒரு வசவாகத் திட்டிக்கொண்டே போட்டாள். மடிப்பு நேராக விழுவதற்காக அவர் நிமிர்ந்து நின்று, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேருந்து கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் ஐந்தாவது பட்டனையும் போட்டுவிட்டு எழுந்து, சேணத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டாள்.