பிளைவூட் மேசையில் பதித்த வாசல் நிலை

அந்த முதிரை மரக் கட்டையை விறகுக் குவியலில் கண்ட காலையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சண்டைக் காலம். நாவற்குடாவில் ஒரு தளபாடப் பட்டறையில் வேலை செய்தேன். முதிரை போன்ற நல்ல மரம் ஏற்ற பெர்மிட் வேண்டும், ஆமியின் செக்பொயின்ற் தாண்ட வேண்டும். அதனால் எங்களுக்கு எல்லாமே பிளைவூட்தான்.

தேற்றாத்தீவிலிருந்து பூமணியக்கா சாக்கில் சுற்றி அந்தக் கட்டையைக் கொண்டுவந்தார். ஷெல் விழுந்து எரிந்த அவருடைய வீட்டு வாசல் நிலையின் மேற்கட்டை. முகப்பில் வரிசையாக ஆணி ஓட்டைகள். வருசப் பிறப்புக்கும் பொங்கலுக்கும் மாவிலை கட்டிய ஆணிகள் இருந்த இடம்.

"மகளுக்குக் கலியாணம் தம்பி. பொண்ணுக்குச் சீதனமா ஊடு குடுக்காம எப்பிடிச் செஞ்சி வைக்கிற? ஊட்டில மிச்சம் இதுதான். ஒரு மேச செஞ்சி, அதுக்கு நடுவில பதிச்சித் தாங்க."

எந்தப் பக்கம் மேலே தெரியவேண்டும் என்று கேட்டேன்; ஆணி ஓட்டைகளைத் தொட்டுக் காட்டினார்.

பிளைவூட்டில் பள்ளம் வெட்டியதோடு ஆமியின் சுற்றிவளைப்பு வந்து, சில நாள் வீட்டிலேயே முடங்கினேன். நான் பட்டறைக்குத் திரும்பியபோது முதலாளியே வேலையை முடித்திருந்தார். பள்ளத்தில் இருந்தது முதிரை நிறச் சாயம் பூசிய மாமரத் துண்டு. முதிரை விறகோடு கிடந்தது.

"ஓட்டை மரத்தப் போட்டா கடைக்குத்தான் கெட்ட பேர். அந்த மனிசிக்கு விளங்கவா போகுது?" என்றார்.

"அது அவட ஊடு, முதலாளி! உங்கட ஊட்ட விறகுக்குப் போடுவீங்களா? பச்சை மாமரம் மழைக்கு ஊதி பிளைவூட்டையும் கிளப்பும்."

"கழட்டினா நாளைக்கு வேலைக்கு வராத."

கழற்றினேன். மாமரத்தை உளியால் கொத்தி எடுத்தேன். காய்ந்த பசையைச் சுரண்டினேன். முதிரையின் பின்பக்கத்தை மட்டும் அறுத்துச் சீவி, ஓட்டைகள் மேலே தெரிய இறுக்கிப் பதித்து கிளாம்ப் போட்டேன். ஓர் ஓட்டையையும் மக்கு வைத்து அடைக்கவில்லை. மற்ற தச்சுப் பாஸ்மார் எல்லாம் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் அந்த மனுசன் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

பூமணியக்கா வந்தார். மகளின் கையைப் பிடித்து ஓட்டைகளின்மேல் வைத்தார். "இதெல்லாம் அப்பா அடிச்ச ஆணி புள்ள" என்று அழுதார்.

பக்கத்தில் முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். "நம்மட கைவேலை எப்பிடியக்கா?"

நான் உளியைத் துடைத்து எடுத்துவைத்தேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, மரத்தைக் கொண்டுவருபவரிடம் எந்தப் பக்கம் மேலே தெரியவேண்டும் என்று கேளுங்கள். அதன்பிறகு சீவுளியைத் தொடுங்கள்.